பின்னோக்கி ஓடும் பெல்ட்டில் விமானம் பறக்குமா? - விமானியே தப்பாகச் சொன்ன பதில்!

ஒரு ரன்வே. ஆனால், அது தார் போட்ட ரன்வே அல்ல. ஜிம்மில் இருக்கும் டிரெட்மில் போல, மொத்த நீளத்துக்கும் ஒரு ராட்சத கன்வேயர் பெல்ட். அதன்மேல் ஒரு விமானம் நிற்கிறது. விமானம் எந்த வேகத்தில் முன்னால் போகிறதோ, அதே வேகத்தில் பெல்ட் பின்னால் ஓடும். இப்போது சொல்லுங்கள்... விமானம் மேலே கிளம்புமா, கிளம்பாதா?

"அதெப்படிக் கிளம்பும்? டிரெட்மில்லில் எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயேதானே நிற்கிறோம்?" என்பதுதான் பெரும்பாலானவர்களின் முதல் பதில். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். சாம்பார் ஆறிப்போகும், வாக்குவாதம் ஆறாது.

இந்தச் சண்டையை நிஜ விமானத்தை வைத்தே தீர்த்துவிடலாம் என்று களத்தில் இறங்கியது, டிஸ்கவரி சேனலின் 'மித்பஸ்டர்ஸ்' டீம். 2008 ஜனவரி 30 அன்று அந்த எபிசோட் ஒளிபரப்பானது. முதலில் குட்டி பொம்மை விமானத்தை வைத்துச் சோதித்தார்கள். பிறகு, ஒரே ஒருவர் உட்கார்ந்து ஓட்டக்கூடிய இலகுரக விமானத்தைக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய கன்வேயர் பெல்ட்டுக்கு எங்கே போவது? சுமார் 2,000 அடி நீளத் தார்ப்பாயைத் தரையில் விரித்து, அதன் ஒரு முனையை பிக்கப் டிரக்கில் கட்டி, விமானம் போகும் திசைக்கு எதிர்த்திசையில் இழுத்தார்கள். டிரக்கை ஓட்டியவர், நிகழ்ச்சித் தொகுப்பாளர்களில் ஒருவரான ஜேமி ஹைனமேன். டிரக்கின் வேகம், அந்த விமானம் தரையை விட்டுக் கிளம்பத் தேவையான அதே வேகம். மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர்.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், விமானத்தை ஓட்ட வந்த பைலட்டே 'கிளம்பாது' கட்சிதான்!

டிரக் கிளம்பியது. தார்ப்பாய் பின்னால் ஓடியது. விமானம் அதைக் கொஞ்சமும் கண்டுகொள்ளாமல் முன்னால் போய், வழக்கம்போல மேலே எழும்பிவிட்டது. பைலட்டின் கணக்கு தப்பு!

டிராவலேட்டரில் ஒரு சூட்கேஸ்

தினமும் விமானம் ஓட்டுபவரே எப்படி ஏமாந்தார்? காரணம், நாம் எல்லோரும் சக்கரத்தைப் பார்த்ததும் காரை நினைத்துக்கொள்வதுதான்.

கார், பைக், பஸ் எல்லாவற்றிலும் எஞ்சின், சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம், ரோட்டைப் பின்னால் தள்ளுகிறது. அதனால் வண்டி முன்னால் போகிறது. ரோடே பின்னால் ஓடினால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். விமானத்தின் கதை வேறு. அதன் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஜெட்டோ, புரொப்பல்லரோ... அது தள்ளுவது காற்றை. அடியில் இருக்கும் சக்கரங்கள், நம் சூட்கேஸ் சக்கரம் மாதிரி. இழுத்தால் உருளும், அவ்வளவுதான். கூடுதலாக பிரேக் மட்டும் உண்டு.

சூட்கேஸ் என்றதும் இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கலாம். ஏர்போர்ட்டில் நம்மை நிற்கவைத்தே நகர்த்திக்கொண்டுபோகும் டிராவலேட்டரைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் அதற்குப் பக்கத்தில், சாதாரணத் தரையில் நிற்கிறீர்கள். சூட்கேஸ் மட்டும் டிராவலேட்டர் மேல். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அது ஓடும் திசைக்கு எதிராக நடக்கிறீர்கள். சூட்கேஸ் வராமல் அடம்பிடிக்குமா என்ன? பின்னாலேயே வரும். நீங்கள் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்து, டிராவலேட்டரும் எதிரே 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், சக்கரம் மட்டும் 8 கிலோமீட்டர் வேகத்தில் சுழலும். கைக்குக் கொஞ்சம் கூடுதல் இழுவை தெரியலாம், அவ்வளவுதான். (செய்து பார்த்து செக்யூரிட்டியிடம் மாட்டிக்கொண்டால் கம்பெனி பொறுப்பல்ல!)

விமானத்துக்கு அந்தக் கை, எஞ்சின். அந்தக் கைக்குப் பிடிமானம் பெல்ட்டில் இல்லை, காற்றில் இருக்கிறது.

'கிளம்பும்' என்றதும் சிலர் ஹெலிகாப்டர் மாதிரி நின்ற இடத்திலிருந்து எழும்பும் என்று நினைத்துவிடுகிறார்கள். அதுவும் இல்லை. பெல்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏறக்குறைய அதே தூரம் ஓடித்தான் ஆக வேண்டும். எனவே, பெல்ட் போட்டு ஏர்போர்ட் இடத்தை மிச்சப்படுத்தும் யோசனைக்கெல்லாம் வாய்ப்பே இல்லை.

சக்கரமே இல்லாத முதல் விமானம்

விமானத்தைத் தூக்குவது, இறக்கைக்கு மேலும் கீழும் பாயும் காற்று. தரையில் எவ்வளவு வேகம் என்பதல்ல, காற்றுக்கு எதிராக எவ்வளவு வேகம் என்பதே கணக்கு. இதற்கு முதல் சாட்சி ரைட் சகோதரர்கள்தான். 1903 டிசம்பர் 17 அன்று கிட்டிஹாக் அருகே பறந்த அவர்களுடைய விமானத்தில் சக்கரமே கிடையாது. தண்டவாளம் போன்ற ஒரு கட்டையின்மேல், உருளும் சிறு வண்டியில் வைத்துத்தான் ஓடவிட்டார்கள். அன்று எதிர்க்காற்று மணிக்கு 40 கிலோமீட்டருக்கும் அதிகம். அதனால் தரையைப் பொறுத்தவரை விமானத்தின் வேகம் மணிக்கு வெறும் 11 கிலோமீட்டர்தான். பக்கத்திலேயே அண்ணன் வில்பர் ஓடிவர, தம்பி ஆர்வில் பறந்துவிட்டார். விமானம் தாங்கிக் கப்பல்கள் இன்றும் காற்றடிக்கும் திசையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு விமானங்களை அனுப்புவது இதே காரணத்துக்காகத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பாவம், அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சிலர் இந்தப் புதிரையே வேறு மாதிரி சொல்கிறார்கள்: "பெல்ட்டின் வேகம், *சக்கரம்* சுழலும் வேகத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்." இங்கேதான் சிக்கல். விமானம் துளி நகர்ந்தாலும் சக்கரத்தின் வேகம் பெல்ட்டை முந்திவிடும். அதைப் பிடிக்க பெல்ட் வேகம் கூட்டும், சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும், பெல்ட் மறுபடி துரத்தும்... முடிவே கிடையாது. அப்படி ஒரு பெல்ட்டை யாராலும் செய்ய முடியாது. செய்தாலும் முதலில் டயர்தான் வெடிக்கும்.

டயர் என்பது சாதாரண விஷயமும் அல்ல. பெரிய பயணிகள் விமானங்கள் மணிக்கு 250 முதல் 300 கிலோமீட்டர் வேகத்தில் தரையை விட்டு எழும்பும். அவற்றின் டயர்கள் தாங்கக்கூடிய உச்ச வேகம் 360, 380 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். பெல்ட் எதிரே ஓடினால் டயர் இரு மடங்கு வேகத்தில் சுழல வேண்டுமே! இலகுரக விமானத்தில் ஜெயித்த சோதனையை ஒரு ஜம்போ ஜெட்டில் செய்து பார்க்க எந்த விமானியும் சம்மதிக்க மாட்டார்.

சக்கரத்தைப் பிடித்த பனிச்சேறு

அப்படியானால் தரையால் விமானத்தைத் தடுக்கவே முடியாதா? முடியும். பெல்ட்டால் சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே முடிகிறது. சக்கரத்தையே *பிடித்து இழுக்கும்* ஏதாவது ரன்வேயில் இருந்தால் கதை மாறிவிடும்.

1958 பிப்ரவரி 6. ஜெர்மனியின் மியூனிக் விமான நிலையம். பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தை முடித்துவிட்டு ஊர் திரும்பும் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து வீரர்கள் உட்பட 44 பேருடன் ஒரு விமானம், எரிபொருள் நிரப்ப அங்கே இறங்கியிருந்தது. எஞ்சின் கோளாறால் இரண்டு முறை கிளம்பும் முயற்சியைக் கைவிட்டார்கள். மூன்றாவது முயற்சியில் வேகம் மணிக்கு சுமார் 217 கிலோமீட்டரைத் தொட்டது. இன்னும் மூன்று, நான்கு கிலோமீட்டர் கூடியிருந்தால் எழும்பியிருக்கும். ஆனால், வேகமானி திடீரென்று கீழே இறங்கத் தொடங்கியது. 194-க்கு வந்துவிட்டது. நிறுத்தவும் இடமில்லை, எழும்பவும் வேகமில்லை. ரன்வேயைத் தாண்டிப் போய் ஒரு வீட்டின்மேல் மோதியது விமானம். எட்டு வீரர்கள் உட்பட 23 பேர் இறந்தார்கள்.

உயிர் தப்பிய கேப்டன் ஜேம்ஸ் தெய்ன் மீது பழி விழுந்தது. இறக்கையில் படிந்த ஐஸை அவர் கவனிக்கவில்லை என்றது ஜெர்மனி விசாரணை. 1960-ன் இறுதியில் அவருக்கு வேலையும் போனது. "இறக்கை அல்ல, ரன்வேதான் காரணம்" என்று அவர் விடாமல் போராடினார். அந்த ரன்வேயின் கடைசிப் பகுதியில், பாதி உருகிய பனி சேறுபோலத் தேங்கியிருந்தது. அதற்குள் இறங்கிய சக்கரங்களை அது பிடித்துக்கொண்டது. எஞ்சின்கள் முழு மூச்சில் தள்ளியும் வேகம் ஏறவில்லை. பனிச்சேற்றின் இழுவை எவ்வளவு மோசமானது என்பது, அதன்பிறகு நடந்த சோதனைகளில்தான் தெளிவாகத் தெரியவந்தது.

பிரிட்டனில் நடந்த மறுவிசாரணையின் முடிவு 1969-ல் வெளியானது. தெய்ன் மீது தவறில்லை என்றது அது. வேலை பறிபோய் அப்போது எட்டு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. 1975-ல் அவர் காலமானார்.