அச்சுக்காரர் பிராங்க்ளின் எழுதிய கணக்கு

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும் நம் பிள்ளைகள் பட்டம், சாவி, மின்னல் என்று 1752-ஆம் ஆண்டுச் சோதனையைச் சொல்லிவிடுவார்கள். இடிதாங்கி தந்தவர், 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலும் 1787-இல் அரசியலமைப்பிலும் கையெழுத்திட்டவர். இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கடையில் உட்கார்ந்து பேரேடு எழுதியே வயதான எனக்கு, அவர் பணத்தை நடத்திய விதந்தான் பெரிதாகப் படுகிறது.

1706-இல் பாஸ்டனில், மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு இரண்டே வருஷம். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகப் போனார். 16 வயது வாக்கில் புலாலை விட்டு, சாப்பாட்டுக் காசில் பாதியை மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினார். பிறகு ஒரு கப்பல் பயணத்தில் மீன் பொரிக்கும் வாசனை வந்ததும், பெரிய மீன் சின்ன மீனைத் தின்கிறதே, நாம் தின்றால் என்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். சமணனான எனக்கு அந்த நியாயம் ஒத்துவராது. ஆனாலும் அதை மறைக்காமல் சுயசரிதையில் எழுதிவைத்தாரே!

1748-இல், 42 வயதில், பிலடெல்பியா அச்சகம் நன்றாக ஓடும்போதே அதைக் கூட்டாளி டேவிட் ஹாலிடம் ஒப்படைத்தார். 18 வருஷத்துக்கு லாபத்தில் பாதி என்பது பேச்சு. அதன்பின் மின்சார ஆராய்ச்சியில் முழுதாக இறங்கினார். அறையைச் சூடாக்க அவர் அமைத்த இரும்பு அடுப்புக்கு ஆளுநர் காப்புரிமை தர முன்வந்தபோதும் வேண்டாம் என்றார். லண்டன் வியாபாரி ஒருவர் அதைக் கொஞ்சம் மாற்றிக் காப்புரிமை வாங்கிக் காசு பார்த்தார்.

பேரேட்டில் கறையும் உண்டு. வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. 1787-இல் அடிமை ஒழிப்புச் சங்கத் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அதற்காக நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார், ஏப்ரலில் காலமானார். ரொம்பத் தாமதம் என்பேன்.

உயிலின் தொடக்கத்தில் தம்மை முதலில் அச்சுக்காரர் என்றுதான் சொல்கிறார், தூதர் பதவியெல்லாம் அப்புறம். இளமையில் இரண்டு நண்பர்கள் கொடுத்த கடனால் தொழில் தொடங்கியவர், பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆளுக்கு 1,000 பவுன் எழுதிவைத்தார். 25 வயதுக்கு உட்பட்ட, தொழில் பழகி முடித்த, கல்யாணமான கைவினைஞருக்கு, இரண்டு பேர் ஜாமீனில், 5 சதவீத வட்டிக்குக் கடன். முதலில் பத்தில் ஒரு பங்கை வருஷாவருஷம் கட்ட வேண்டும். இப்படி 200 வருஷம்! நடுவில் நிலுவை நின்றது, தொழில் பழகும் முறையே மறைந்தது. அப்படியும் 1990 வாக்கில் கணக்கை முடித்தபோது பாஸ்டனில் சுமார் 50 லட்சம் டாலரும், பிலடெல்பியாவில் சுமார் 20 லட்சம் டாலரும் இருந்தன.