ஏழு மாடி வீட்டின் கதை!

குட்டீஸ்! தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் சிங்கப்பூர் போயிருக்கிறார்கள் அல்லவா? அவர்கள் அனுப்பும் படங்களைப் பாருங்கள். தீப்பெட்டிகளை அடுக்கி வைத்தது போல எங்கும் மாடி வீடுகள்! அந்நாட்டு மக்களில் பத்துப் பேருக்குச் சுமார் எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில்தான் வசிக்கிறார்கள்.

முன்பு அப்படி இல்லை. நம் ஊர் கீற்று வீடுகள் போல, அங்கும் ஏழைகள் பலர் ஓலைக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட வீடுகளில் நெருக்கியடித்துக் கொண்டு வாழ்ந்தார்கள். ஒரு தீப்பொறி போதும், தெருவே போய்விடும்!

1960 பிப்ரவரி 1-ஆம் தேதி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. லிம் கிம் சான் அதன் முதல் தலைவர். அதே ஆண்டு குவீன்ஸ்டவுன் பகுதியின் ஸ்டிர்லிங் சாலையில் கழகத்தின் முதல் கட்டடங்கள் எழுந்தன. அலங்காரம் எதுவும் கிடையாது. நேர்கோடு, சிமென்ட், வரிசையாக ஜன்னல்கள். ஏழு தளங்கள் இருந்ததால் சீனர்கள் 'ஏழு மாடி வீடு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

ஆனால், மாடிக்குப் போகப் பலர் தயங்கினார்கள். கோழி எங்கே வளர்ப்பது? தோட்டம் எங்கே போடுவது?

1961 மே 25. புக்கிட் ஹோ சுவீ என்ற குடியிருப்பில் தீப்பிடித்தது. காற்றும் சேர்ந்துகொண்டது. நான்கு பேர் இறந்தனர். சுமார் 16,000 பேர் வீடிழந்தனர். முதலில் பள்ளிக்கூடங்களில் தங்கினார்கள். பிறகு, ஏற்கெனவே தயாராக இருந்த மாடி வீடுகள் பலருக்குக் கைகொடுத்தன. எரிந்த இடத்திலும் ஒன்பதே மாதங்களில் புது வீடுகள் தயாராகத் தொடங்கின. முதல் ஐந்து ஆண்டுகளில் கழகம் கட்டியவை 50,000-க்கும் மேல்!

வீடு கிடைத்தது. அக்கம்பக்கத்தாரோடு கூடிப் பேச இடம் வேண்டாமா? 1970-களில் கட்டிய பல அடுக்குமாடிகளில் தரைத்தளத்தை வீடாக்காமல், தூண்களோடு காலியாகவே விட்டார்கள். தாத்தாக்கள் சதுரங்கம் ஆடுவதும், கல்யாண விருந்து நடப்பதும், துக்க வீட்டுக்கு வந்தவர்கள் உட்காருவதும் அங்கேதான். நம் ஊர்த் திண்ணை மாதிரி!

ஸ்டிர்லிங் சாலையின் அந்த ஏழு மாடிக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. ஏழைக்குத் தீயில் வேகாத கூரை வேண்டும். அதோடு நாலு பேர் கூடி உட்கார ஓர் இடமும் வேண்டும். உங்கள் ஊரில் புதிதாகக் கட்டும் அடுக்குமாடிகளில் அந்தத் திண்ணை இருக்கிறதா? பாருங்களேன்!