குட்டி யானையிலிருந்து பெரிய லாரிக்கு: கடன் கேட்கும் முன் தெரிந்துகொள்வோம்



நம் குழு உறுப்பினர்கள் பலர் வீட்டு வாசலில் இன்று ஒரு குட்டி யானை வண்டி நிற்கிறது. காய்கறி, செங்கல், மாட்டுத்தீவனம் என்று உள்ளூர் லோடு அடித்துத்தான் அந்தக் குடும்பம் ஓடுகிறது. கொஞ்ச நாள் போனதும், "டீசல் போக ஒண்ணும் மிஞ்சல, பெரிய லாரிக்குப் போயிட்டா நல்லா சம்பாதிக்கலாம்" என்று கணவரோ மகனோ பேச ஆரம்பிக்கிறார்கள். அடுத்து குழுக் கூட்டத்துக்குக் கடன் மனு வருகிறது.

போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் உரிமம், அடுத்து பயிற்சி, அதன்பின் ஒரு வருடமாவது சம்பளத்துக்கு ஓட்டம். சொந்த லாரியும் பெரிய கடனும் கடைசியில்தான்.

உரிமம் தனி

வண்டியும் சரக்கும் சேர்ந்து 7,500 கிலோவைத் தாண்டாவிட்டால் அது இலகுரக வாகனம். குட்டி யானை இந்த வகைதான். இதை ஓட்ட இலகுரக வாகன உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் ஆறு சக்கர லாரி சரக்கோடு 18.5 டன் வரையும், பத்து சக்கர டாரஸ் 28.5 டன் வரையும் போகும். இவற்றுக்குக் கனரக உரிமம் கட்டாயம்.

அதற்குத் தேவையானவை:
• வயது 20 முடிந்திருக்க வேண்டும்.
• இலகுரக உரிமம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும்.
• மருத்துவச் சான்று வேண்டும்.
• எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுத் தேர்வு.
• ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ் வேண்டும்.

எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-ல் எடுத்துவிட்டார்கள். ஆகவே படிப்பு இல்லையே என்று தயங்க வேண்டாம். கனரக உரிமத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

"லைசென்ஸ் அப்புறம் எடுத்துக்கலாம், முதல்ல வண்டிய எடு" என்று சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். சரியான உரிமம் இல்லாத ஆள் ஓட்டி விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு அதை வண்டி உரிமையாளரிடம் திருப்பி வசூலிக்க முடியும். வீடும் நிலமும் அதில் போய்விடும்.

சின்ன வண்டிப் பழக்கம் போதாது

லாரியில் இருப்பது ஏர் பிரேக். காற்று அழுத்தம் ஏறிய பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். லோடு லாரி பிரேக் போட்டதும் நிற்காது, இன்னும் தூரம் போய்த்தான் நிற்கும். திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டும். இடது பக்கம் ஒட்டி வரும் சைக்கிள்காரர் கண்ணுக்கே தெரியமாட்டார்.

தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அந்த இறக்கத்தில் நடந்த லாரி விபத்துகளைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது அங்கே ஒரு முக்கியக் காரணம். நியூட்ரலில் விட்டால் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும். மிதிக்க மிதிக்க பிரேக் சூடாகி, கடைசியில் பிடிக்காமலே போய்விடும். சின்ன கியரில் மெதுவாக இறங்குவதுதான் சரி. இதையெல்லாம் பயிற்சியில்தான் கற்க முடியும். அதனால் பயிற்சிக்கு ஆகும் பணத்தைச் செலவு என்று நினைக்காதீர்கள், அது உயிருக்குக் காப்பு.

வருமானத்தைக் கணக்குப் போடுவோம்

குட்டி யானைக்காரர் பெரும்பாலும் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவார். லாரி டிரைவர் வடமாநில நடைக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வேலைக்குச் சேரும் முன் உரிமையாளரிடம் இவற்றைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்:

• மாதச் சம்பளமா, நடைக்கு இவ்வளவு என்றா? பேட்டா எவ்வளவு?
• லோடு கிடைக்காமல் காத்துக் கிடக்கும் நாளுக்குச் சாப்பாட்டுச் செலவு யாருடையது?
• அபராதம், பஞ்சர், சரக்குக் குறைவு யார் தலையில்?
• நீண்ட நடைக்கு இரண்டாவது டிரைவர் உண்டா?

பாரம் அதிகம் ஏற்றினால் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. "கொஞ்சம்தானே" என்று உரிமையாளர் சொன்னாலும் ரோட்டில் மாட்டுவது டிரைவர்தான்.

இரவு முழுக்கக் கண்விழிப்பது, நேரம் தவறிய சாப்பாடு, முதுகுவலி எல்லாம் இந்தத் தொழிலில் கூடவே வரும். கண், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் அவ்வப்போது அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டித் தூங்கச் சொல்லுங்கள். "எப்ப வருவீங்க, சீக்கிரம் வாங்க" என்று போனில் அவசரப்படுத்தாமல் இருப்பதும் நாம் செய்யக்கூடிய உதவிதான்.

பெண்கள் ஓட்ட முடியாதா?

முடியும். கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி 1993-லேயே அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்தார். போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி சட்டம் படித்தவர். கணவர் இறந்தபின் பிள்ளைகளுக்காக லாரி ஸ்டியரிங்கைப் பிடித்தார். மேலே சொன்ன உரிம விதிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ஆனால் வழியில் பாதுகாப்பான கழிப்பறையும் தங்குமிடமும் கிடைப்பது இன்னும் பெரும்பாடு. இந்தக் கஷ்டத்தையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

உரிமத்துக்கும் பயிற்சிக்கும் ஆகும் சிறு தொகையை உள்கடனாகத் தாராளமாகக் கொடுக்கலாம். லாரி வாங்கப் பெரிய கடன் கேட்டால், "ஒரு வருடம் சம்பளத்துக்கு ஓட்டிப் பார்த்தாரா? இருக்கிற குட்டி யானைக்குத் தவணை பாக்கி உண்டா? அவர் வெளியூர் போனால் அதை யார் ஓட்டுவது?" என்று கேளுங்கள். கேட்கிறார்களே என்று உறுப்பினர் வருத்தப்பட வேண்டாம். தவணை கட்ட முடியாமல் அவர் தவிக்கக் கூடாது என்பதற்காகத்தான் குழு கேட்கிறது.

இன்னொன்று. தமிழக அரசின் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் உங்கள் வீட்டு ஓட்டுநர் பதிவு செய்திருக்கிறாரா? பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து உதவி, ஓய்வூதியம் எல்லாம் பதிவு இருந்தால்தான் கிடைக்கும். மாவட்டத் தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். பதிவு இருந்தால் புதுப்பிக்க வேண்டிய தேதியைப் பாருங்கள். வரும் மாதக் கூட்டத்தில், ஓட்டுநர் இருக்கும் வீட்டுச் சகோதரிகள் எல்லோரும் உரிமத்தின் நகலையும் வாரிய அட்டையின் நகலையும் கொண்டு வாருங்கள். ஒன்றாக உட்கார்ந்து சரிபார்ப்போம்.