ஏரிக்குக் காவல் நிற்கும் காட்டேஜ்காரர்கள்: சம்பளம் கிடையாது, வசவு மட்டும் உண்டு!

வட்டமான ஒரு தட்டு. அகலம் 20 சென்டி மீட்டர். நாலு பங்காகப் பிரித்து, கறுப்பு வெள்ளை வர்ணம் அடித்து இருக்கிறார்கள். நடுவில் ஒரு கயிறு. கனடா நாட்டில் ஒரு ஏரியின் நாடியைப் பிடித்துப் பார்க்க இது போதும்!

படகை நடு ஏரிக்குக் கொண்டு போகிறார்கள். நிழல் விழும் பக்கமாகத் தட்டைத் தண்ணீருக்குள் விடுகிறார்கள். கூலிங் கிளாஸ் போடக் கூடாது. தட்டு கண்ணுக்கு மறையும் இடத்தில் கயிற்றில் ஒரு கணக்கு. மெல்லத் தூக்கி, மறுபடி தெரியும் இடத்தில் இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் நடுவில் வருவதை நோட்டில் எழுதிக் கொள்கிறார்கள். 5 மீட்டருக்குக் கீழேயும் தட்டு தெரிந்தால் ஏரி சுகம். 2 மீட்டரிலேயே மறைந்தால் விசாரிக்க வேண்டியதுதான்.

இத்தாலி நாட்டுப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி 1865-ல் போப்பாண்டவரின் கப்பலில் இருந்து தட்டை இறக்கிப் பார்த்தார். அந்த முறைதான் இன்றைக்கும்.

தட்டை இறக்குபவர் விஞ்ஞானி அல்ல. ரிட்டையரான வாத்தியாராக இருக்கலாம். பாங்கி குமாஸ்தாவாக இருக்கலாம். காலணா சம்பளம் இல்லை. ஏரிக்கரையில் ஒரு 'காட்டேஜ்' வைத்து இருக்கிறார். அதுதான் தகுதி!

இது பற்றிய விவரம் வருமாறு:-

2½ லட்சம் ஏரி

டொரோண்டோ நகரம் இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் சிறிதும் பெரிதுமாக சுமார் 2½ லட்சம் ஏரிகள் உள்ளன. இத்தனை ஏரிக்கும் ஆள் போட்டுப் பார்க்க எந்த சர்க்காரால் முடியும்?

கோடை வந்தால் டொரோண்டோவாசிகள் வெள்ளிக்கிழமை சாயந்தரமே காரைக் கிளப்பிக் கொண்டு வடக்கே போய்விடுவார்கள். மஸ்கோகா, ஹாலிபர்ட்டன், கவார்த்தா என்று ஏரிகள் நிறைந்த பகுதிகள். கரை நெடுக மர வீடுகள். இதைத்தான் காட்டேஜ் என்கிறார்கள். சிலருக்கு அது தாத்தா கட்டியது. சிலர் கடன் வாங்கிக் கட்டியது.

இந்த வீட்டுக்காரர்கள் ஏரிக்கு ஏரி சங்கம் வைத்து இருக்கிறார்கள். மஸ்கோகா ஏரிகள் சங்கம் 1894-லேயே ஆரம்பித்தது. எல்லாச் சங்கங்களுக்கும் சேர்த்து மாகாணக் கூட்டமைப்பு ஒன்று 1963-ல் ஏற்பட்டது. அதில் 500-க்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன.

சர்க்காரும் ஏரி வேலையில் பாதியை இவர்கள் தலையில்தான் கட்டி இருக்கிறது. 'லேக் பார்ட்னர்' என்று ஒரு திட்டம். சுற்றுச்சூழல் இலாகா தபாலில் பாட்டில்களை அனுப்பும். மாகாணத்தின் வடக்கே பாறைப் பகுதி ஏரிகளில், பனிக்கட்டி உருகி மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து இருக்கும் மே மாதத்தில் ஒரு தடவை தண்ணீர் பிடிக்க வேண்டும். தெற்குப் பக்க ஏரிகளில் மாதா மாதம். பாட்டில் டார்செட் என்ற ஊரில் உள்ள சோதனைச் சாலைக்குப் போகிறது. அங்கே முக்கியமாகப் பார்ப்பது ஒன்றே ஒன்று. பாஸ்பரஸ்!

ஏரியை இரண்டாக வெட்டினார்கள்

பாஸ்பரஸ் மீது ஏன் இத்தனை கண்? அது ஒரு கதை.

1960-களில் வட அமெரிக்காவின் பெரிய ஏரிகள் பச்சைக் கூழ் போல ஆகிக் கொண்டு இருந்தன. பாசி! ஈரி ஏரி செத்துவிட்டது என்றே பேசினார்கள். சலவைத் தூளில் உள்ள பாஸ்பேட்தான் காரணம் என்று சில விஞ்ஞானிகள் சொன்னார்கள். சலவைத் தூள் கம்பெனிகள் சும்மா இருக்குமா? "கார்பன்தான் காரணம். எங்கள் சரக்கைக் குற்றம் சொல்லாதீர்கள்" என்று மல்லுக்கு நின்றன.

ஒண்டாரியோவின் வடமேற்கு மூலையில் காட்டுக்குள் இருக்கும் ஏரிகளை ஆராய்ச்சிக்கு என்றே 1968-ல் ஒதுக்கி இருந்தார்கள். டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழுவினர் அங்கே 226 என்று நம்பர் போட்ட ஏரியைப் பிடித்தார்கள். இடுப்பு சிறுத்து, எட்டு எழுத்தைப் போன்ற ஏரி. 1973-ல் அந்த இடுப்பில் பிளாஸ்டிக் திரை ஒன்றைக் கட்டி ஏரியை இரண்டாக வெட்டினார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரசும் போட்டார்கள்.

பாஸ்பரஸ் போட்ட பக்கம் பச்சைப் பசேல்! போடாத பக்கம் பழையபடியே கறுத்த தெளிந்த தண்ணீர். விமானத்தில் இருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த பிறகு கம்பெனிகளின் வாதம் எடுபடவில்லை. கனடா 1970-களின் தொடக்கத்திலேயே சலவைத் தூளில் பாஸ்பேட்டுக்குக் கடிவாளம் போட்டது. பாத்திரம் கழுவும் மெஷினில் போடும் தூளுக்கு 2010-ல்தான் வந்தது கட்டுப்பாடு.

அந்த ஆராய்ச்சி ஏரிகளையே இழுத்து மூடப்போவதாக மத்திய சர்க்கார் 2012-ல் அறிவித்தது. பெரிய கூச்சல் கிளம்பியது. 2014-ல் ஒரு தனி ஆராய்ச்சி நிலையம் அதை ஏற்று நடத்த முன்வந்தது. பிழைத்தது.

ஒரு லிட்டர் தண்ணீரில் பாஸ்பரஸ் 10 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் நல்ல ஏரி. 20-ஐத் தாண்டினால் பாசித் தொல்லை. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் மைக்ரோகிராம். அந்த 10 கூறுக்கும் 20 கூறுக்கும் நடுவில்தான் ஏரியின் ஆயுசு ஊசல் ஆடுகிறது!

நீலப்பச்சைப் பாசி என்று ஒரு வகை இருக்கிறது. அதில் சில விஷம் கக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்த நாய்கள் செத்தது உண்டு. காய்ச்சினாலும் விஷம் போகாது. ஏரித் தண்ணீரையே குழாய் போட்டுக் குடிக்கும் வீட்டுக்காரருக்கு இது விளையாட்டா?

நீ யார் கேட்க?

இப்போது ஏரிக்குப் பாஸ்பரஸ் எங்கே இருந்து வருகிறது? பெரிய பாக்டரி எதுவும் பக்கத்தில் இல்லை. வருவது காட்டேஜ்காரர்களின் செப்டிக் டேங்கில் இருந்து. புல்தரைக்குப் போடும் உரத்தில் இருந்து. கரையில் இருந்த மரம் செடியை வெட்டிவிட்டு மணல் கொட்டிய இடத்தில் மழை பெய்து, மண் கரைந்து வருவதில் இருந்து.

ஆக, திருடனும் காவல்காரனும் ஒரே தெருவில் குடி இருக்கிறார்கள். சங்கத்தை நடத்துவது கஷ்டம் என்பது இதனால்தான்.

செப்டிக் டேங்கை 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்ய வேண்டும். ஏரியில் இருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஆனால் 40, 50 வருஷம் முன்னால் கட்டிய பழைய வீடுகளில் டேங்க் எங்கே புதைந்து இருக்கிறது என்பதே சொந்தக்காரருக்குத் தெரியாத கேஸ்கள் உண்டு. சங்கத்துக்காரர் போய், "சார், உங்க டேங்கை எப்ப சுத்தம் பண்ணினீங்க?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

"என் வீட்டு டேங்கைப் பற்றிக் கேட்க நீ யாருய்யா?"

நியாயமான கேள்விதான். சங்கத்துக்கு அதிகாரம் ஒன்றும் கிடையாது. போலீசா? இல்லை. முனிசிபாலிட்டியா? அதுவும் இல்லை. சந்தா கட்டு என்று கட்டாயப்படுத்தக் கூட முடியாது. கரையில் 200 வீடு இருந்தால் பாதிப் பேர் கட்டுவார்கள். மீதிப் பேர் கட்டாமலே தெளிந்த தண்ணீரில் குளிப்பார்கள்!

கெட்டிக்காரச் சங்கங்கள் சண்டைக்குப் போவது இல்லை. ஒரே நாளில் 20 வீட்டுக்கு டேங்க் லாரியை வரவழைத்துக் கூலியைக் குறைத்துப் பேசி முடிக்கிறார்கள். கரையில் நட நாட்டுச் செடிகளை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுக்கிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் முனிசிபல் கவுன்சிலைப் பிடிக்கிறார்கள். காட்டேஜ்காரர் வேறு ஊரில் குடி இருந்தாலும், சொத்து இருக்கும் ஊரின் முனிசிபல் தேர்தலில் அவருக்கு ஓட்டு உண்டு. கவுன்சிலர் கேட்டுத்தானே ஆக வேண்டும்! சில ஊர்களில் இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்து டேங்கைச் சோதிப்பது இப்படி வந்ததுதான்.

தலைவர் பதவிக்கு ஆள் இல்லை

வருஷத்துக்கு ஒரு பொதுக்கூட்டம். கோடையில், எல்லாரும் வந்து இருக்கும் ஒரு சனிக்கிழமை காலையில் வைப்பார்கள். காப்பி, கேக் உண்டு. கணக்கு வாசிப்பார்கள். அடுத்து, "தலைவர் பதவிக்கு யார் வருகிறீர்கள்?" என்று கேட்பார்கள். கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் அந்த நேரம் பார்த்துக் கூரையைப் பார்ப்பார்கள்!

நம் ஊர் சங்கங்களில் பதவிக்கு அடிதடி. அங்கே பதவியை வாங்கிக் கொள்ள ஆளைத் தேடுகிறார்கள். பொருளாளராக மாட்டிக் கொண்டவர் பல வருஷம் பொருளாளர்தான்.

வேலையோ வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. பாறை இருக்கும் இடத்தில் படகுக்காரருக்கு எச்சரிக்கை மிதவை போட வேண்டும். போட்ட மிதவை நகர்ந்து போய் யாராவது பாறையில் மோதினால்? சங்கத்தின் மீது வழக்கு! அதற்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். போதாக் குறைக்கு, லாபம் இல்லாத சங்கங்களுக்கு என்று புதுச் சட்டம் 2021 அக்டோபர் 19-ந்தேதி அமலுக்கு வந்தது. பதிவு செய்த சங்கங்கள் எல்லாம் 3 வருஷத்துக்குள் தங்கள் விதிகளைத் திருத்திக் கொள்ள வேண்டும் என்றார்கள். தண்ணீர் பிடிக்கவும் செடி நடவும் வந்தவர்கள் ராத்திரி உட்கார்ந்து சட்டப் புத்தகம் படிக்க வேண்டியது ஆயிற்று.

ஹாலிபர்ட்டன் பக்கம் இன்னொரு தலைவலி. டிரென்ட்-செவர்ன் என்று 386 கிலோ மீட்டர் நீளமுள்ள படகுக் கால்வாய். அதில் தண்ணீர் நிற்க, கோடையில் மேலே உள்ள ஏரிகளைத் திறந்து விடுகிறார்கள். ஆகஸ்டு மாதம் பார்த்தால் படகுத்துறைக்குக் கீழே சேறு! மேல் ஏரிக்காரர் புலம்புகிறார், கால்வாய்க்காரர் கேட்கிறார். இந்தத் தகராறு எந்த ஊரில்தான் இல்லை!

தெளிவும் ஆபத்து

தண்ணீர் கலங்கினால் ஆபத்து என்று பார்த்தோம். திடீர் என்று தெளிந்தாலும் ஆபத்து!

வரிக்குதிரைச் சிப்பி என்று விரல் நகம் அளவு சிப்பி. கறுப்பு வெள்ளைக் கோடு. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்துச் சரக்கு. கப்பலின் அடியில் பாரத்துக்காக நிரப்பும் தண்ணீரில் வந்து, 1988-ல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு பெண் சிப்பி வருஷத்தில் 10 லட்சம் முட்டை வரை போடும். ஒவ்வொரு சிப்பியும் தினம் சுமார் 1 லிட்டர் தண்ணீரை வடிகட்டி, குட்டி மீனுக்கு உள்ள தீனியைத் தின்று தீர்த்துவிடும். தட்டு முன்னைவிட ஆழத்தில் தெரியும். "ஆகா, ஏரி சுத்தமாகிவிட்டது!" என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு விஷயம் புரியவைப்பதே சங்கத்துக்குப் பெரும் பாடு. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்த பாறை ஏரிகளில் மட்டும் இந்தச் சிப்பி சுலபமாகப் பிழைப்பது இல்லை.

அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது. படகுக்குள் மிச்சம் இருக்கும் ஒரு கை தண்ணீர் போதும், அடுத்த ஏரிக்குப் போய்விடும். அதனால் 2022 ஜனவரி 1 முதல் ஒண்டாரியோவில் சட்டம்: படகை ரோட்டில் இழுத்துப் போகும்போது அடி அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட வேண்டும், ஒட்டிய செடியைப் பிடுங்கிவிட வேண்டும். சனி, ஞாயிறு காலையில் படகு இறக்கும் துறையில் சங்கத்து ஆட்கள் நின்று சொல்கிறார்கள். சிலர் கேட்கிறார்கள். சிலர் முறைக்கிறார்கள்.

லூன் என்று ஒரு நீர்ப்பறவை. கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் 1987 முதல் இருப்பது அதுதான். கால் பின்னால் தள்ளி இருப்பதால் தரையில் நடக்கத் தெரியாது. தண்ணீர் ஓரத்திலேயே கூடு கட்டும். வேகப்படகின் அலை அடித்தால் முட்டை போச்சு! கரையில் இருந்து 30 மீட்டருக்குள் மணிக்கு 10 கிலோ மீட்டருக்கு மேல் படகு ஓட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பிடிக்கத்தான் போலீஸ் இல்லை. தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டு ஒன்றை விழுங்கினாலும் அந்தப் பறவை செத்துவிடும். ஜூனில் ஜோடி எத்தனை, ஜூலையில் குஞ்சு எத்தனை, ஆகஸ்டில் பிழைத்த குஞ்சு எத்தனை என்று 1981-ல் இருந்து தொண்டர்கள் எண்ணி எழுதி வருகிறார்கள்.

வாடகைக்கு வருகிறவர்கள்

காட்டேஜ்களை நாள் வாடகைக்கு விடும் பழக்கம் பெருகி இருக்கிறது. டொரோண்டோவில் ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் இருப்பது தெரிந்ததே. கோடை லீவில் அவர்களும் நாலு குடும்பமாகச் சேர்ந்து ஒரு காட்டேஜ் எடுத்துத் தங்குவது உண்டு. உங்கள் அண்ணன் மகனோ, தங்கை மாப்பிள்ளையோ அங்கே இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்:-

செப்டிக் டேங்கின் அளவை வீட்டில் எத்தனை படுக்கை அறை என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். 3 அறை வீட்டில் 20 பேர் தங்கி, எல்லாரும் ஒரே காலையில் தலைக்குக் குளித்தால் டேங்க் தாங்காது. ஆட்டுக்கறி வறுத்த எண்ணெயைச் சமையல் அறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஒரு டப்பாவில் ஆற வைத்துக் குப்பையில் போட வேண்டும். குழந்தைக்குத் துடைக்கும் ஈரக் காகிதத்தைக் கக்கூசில் போட்டுவிடக் கூடாது. சோப்புப் போட்டு ஏரியில் இறங்கிக் குளிக்கக் கூடாது. படகோ, ரப்பர் ஓடமோ கொண்டு போனால், ஏற்கெனவே வேறு ஏரியில் விட்டதாக இருந்தால், நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகுதான் இறக்க வேண்டும்.

இதை எல்லாம் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுக்கும் சங்கங்கள் இருக்கின்றன. பிரிட்ஜ் கதவில் ஒட்டி இருந்தால், பாலை எடுக்கிற போது ஒரு தடவை படித்துவிடலாம்.