தாய்ப்பலகையைத் தேர்ந்தெடுத்தல்

கல்லணையில் பிரியும் காவிரிநீர் கடைமடையை எட்டாவிடின் தஞ்சை வயல்களில் பயிர் வாடும். வாய்க்கால்கள் பல இருந்தால் மட்டும் போதாது. நீர்ப்பங்கீடும் முறையாக அமைதல் வேண்டும். கணிப்பொறியின் உறுப்புகளை இணைக்கும் ‘மதர்போர்டு’ என்னும் தாய்ப்பலகைக்கும் இது பொருந்தும்.

வீட்டுக் கணிப்பொறிகளில், செயலியிலிருந்து திரைக்காட்சியைத் தீட்டும் வரைகலை அட்டைக்குச் செல்லும் தடங்கள் பொதுவாக 16 ஆகும். விளையாட்டுக்கென இரண்டு அட்டைகளைப் பொருத்தினால், நல்ல பலகை அத்தடங்களை எட்டெட்டாகப் பகிர்ந்தளிக்கும். மலிவான பலகைகள் பலவற்றில் இரண்டாம் அட்டைக்கு நான்கு தடங்களே கிட்டும். ஆகவே, செருகுவாய்களை எண்ணி மயங்காது, தடப்பங்கீட்டை ஆராய்தல் வேண்டும். வெப்பம் தணிய அட்டைகளுக்கிடையே இடைவெளியும் வேண்டும்.

2004இல் இரட்டை அட்டை முறையைக் கொணர்ந்த என்விடியா நிறுவனம், புதிய விளையாட்டுகளுக்கு அம்முறையைத் தானே அமைத்துத் தருவதை 2021இல் நிறுத்தியது. இன்று பெரும்பாலான விளையாட்டுகள் ஓர் அட்டையைக் கொண்டே இயங்குகின்றன. பெற்றோர் ஈட்டிய பொருளைச் செலவிடுமுன் இதனையும் எண்ணித் துணிக.