வாசலில் நின்ற இரண்டு ஆட்டோ

மருதமுனையில் எனக்குத் தெரிந்த ஒரு ராத்தாவின் வாசலில் இரண்டு பழைய ஆட்டோக்கள் நிற்கும். ஒன்று கணவருடையது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் தண்ணீரில் மூழ்கிய அந்த வண்டியை அவரே கழுவி, பிரித்துப் பூட்டி மீண்டும் ஓட வைத்தார். 2007இல் அவர் வன்செயலில் மவுத்தானபோது மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒரு வயது. மற்ற ஆட்டோ ராத்தா பிறகு லீசிங்கில் எடுத்து, தவணை கட்டி முடித்தது. அதன் புத்தகம் அவர் பெயரில் இருக்கிறது.

இரண்டையும் நாள் வாடகைக்குக் கொடுத்துத்தான் பிள்ளைகளை ஆளாக்கினார். இப்போது மகனே ஓட்டுகிறான். அண்மையில் இரண்டுக்கும் ஒன்றாகப் பெரிய வேலை வந்துவிட்டது. ஒன்றைத் திருத்தத்தான் வழி இருந்தது. புதிது வாங்க நினைக்கவே முடியாது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் பழைய வண்டிகளும் விலையேறிவிட்டன.

“எதை வைக்கிறது மிஸ்?” என்று கேட்டார் ராத்தா. மகனோ, “வாப்பாட ஆட்டோவை விற்க விடமாட்டன்” என்று நின்றான். வாப்பாவின் முகமே நினைவில்லாத பிள்ளை. அவனிடம் நான் என்ன சொல்வது?

நான் சமூகவியல் படித்தவள், எஞ்சின் தெரியாது. ஆனால் கண்ணீரையும் தரகரின் பேச்சையும் மட்டும் கேட்டு முடிவெடுக்கக்கூடாது என்று தெரியும். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு மூவரும் கராஜுக்குப் போனோம்.

பாஸ் முதலில் எஞ்சினைத் தொடவில்லை. கால் விரிப்பைத் தூக்கி, ஸ்குரூ ட்ரைவரால் குத்திப் பார்த்தார். “எஞ்சினைச் செய்யலாம். செசி போனால் வண்டி போச்சு” என்றார். எங்கள் கரையோரத்தில் உப்புக் காற்றுத்தான் வண்டிக்கு எமன். ராத்தாவின் வண்டியில் தரைத் தகடு மட்டும் கறள் பிடித்திருந்தது. வாப்பாவின் வண்டியில் செசியிலேயே ஓரிடத்தில் கறள் தொடங்கியிருந்தது.

திருத்தச் செலவு வாப்பாவின் வண்டிக்கு 40,000 ரூபாய், ராத்தாவின் வண்டிக்கு 95,000. மகனின் முகம் மலர்ந்தது. “பொறு மகன்” என்று பாஸ் இரண்டிலும் ஒவ்வொரு லீற்றர் பெற்றோல் ஊற்றி ஓடிப் பார்க்கச் சொன்னார். வாப்பாவின் டூ ஸ்ட்ரோக் 20 கிலோமீற்றர் ஓடியது. ராத்தாவின் ஃபோர் ஸ்ட்ரோக் 30 ஓடியது.

கொப்பியில் எழுதினோம். நாளைக்கு 60 கிலோமீற்றர் என்றால் ஒன்றுக்கு 3 லீற்றர், மற்றதற்கு 2 லீற்றர். மாதம் 25 நாளில் வித்தியாசம் 25 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் 7,500 ரூபாய். திருத்தத்தில் கூடிய 55,000 ரூபாயும் எட்டு மாதத்துக்குள் திரும்பிவிடும். டூ ஸ்ட்ரோக்கில் பெற்றோலோடு கலக்கும் ஒயில் செலவு வேறு. அவ்வகை ஆட்டோக்களின் இறக்குமதி 2008இலேயே தடைசெய்யப்பட்டது. வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையும் இருக்கிறது.

2022இல் கியூ.ஆர். முறை வந்தபோது ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர்தான் கிடைத்தது. “அந்த 5 லீற்றரில் இது 100 கிலோமீற்றர், அது 150” என்று மகனே கணக்குச் சொன்னான். பிறகு அவன் வாதாடவில்லை.

இன்னொன்றும் இருந்தது. வாப்பாவின் வண்டி ராத்தாவுக்கு மட்டும் உரியதல்ல. மாமி உயிரோடு இருக்கிறார். மாமனார் மகனுக்கு முன்பே மவுத்தானவர். முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. மீதி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. தரகர் ஒருவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டார். ராத்தா மறுத்துவிட்டார். மரணச் சான்றிதழ், உரித்தாளிகளின் ஆவணங்கள் எல்லாம் சேர்க்க மூன்று மாதம் அலைந்தார்.

கறளை மறைக்காமல் சொல்லியே 360,000 ரூபாய்க்கு விற்றார். மாமிக்கு 60,000, ராத்தாவுக்கு 45,000, மகளுக்கு 85,000, மகனுக்கு 170,000. ராத்தா தன் 45,000 ரூபாயைத் திருத்த வேலைக்கு வைத்தார். மீதி 50,000 ரூபாயை மகன் கேட்காமலே எடுத்து வைத்தான்.

வண்டியைக் கொடுக்கும்முன் வாப்பா பூட்டிய பக்கக் கண்ணாடியை அவன் கழற்றிக்கொண்டான். அது இப்போது உம்மாவின் ஆட்டோவில் இருக்கிறது.

சகோதரிகளே, கணவர் விட்டுச்சென்ற பொருளை விற்பது அவரை மறப்பதாகாது. ஆனால் விற்கும்முன் செசியைப் பாருங்கள், ஒரு லீற்றர் ஓடிப் பாருங்கள், பங்காளிகள் யார் என்று கேளுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். உங்கள் உழைப்பில் வாங்கும் வண்டியின் புத்தகம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.