பெட்டிக்குள் பெட்டி

சென்ற மார்கழியில் ஓர் இரவு என் மடிக்கணினியின் வட்டு செயலிழந்தது. நான் கலங்கவில்லை. ஆய்வுக்குரிய நிரல்களை நாள்தோறும் கிட் வழியே சேவையகத்துக்கு அனுப்பிவந்தேன் அன்றோ? ஆனால், மறுநாள் ஆய்வுக்கூடக் கணினியில் அவற்றை இறக்கியபோது மூன்று வார உழைப்பைக் காணவில்லை. நண்பர்களே, அந்நிலை உங்களுக்கு வரலாகாது என்றே இதனை எழுதுகின்றேன்.

கிட் என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் உருவாக்கிய கருவி. நாம் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைப்பது அதன் பணி. ஒவ்வொரு பதிவுக்கும், எண்ணும் எழுத்தும் கலந்த 40 குறிகளாலான அடையாளம் ஒன்று உண்டு. பதிவுகளின் தொகுப்பைக் களஞ்சியம் என்போம். ஒரு களஞ்சியத்துக்குள் மற்றொன்றை வைப்பதும் உண்டு. உள்ளே இருப்பதற்குச் ‘சப்மாட்யூல்’ என்று பெயர். என் ஆய்வுக் கணக்குகள் வெளிக்களஞ்சியத்தில் இருந்தன. பல ஆய்வுகளுக்கும் பொதுவான நிரல்கள் உட்களஞ்சியத்தில் இருந்தன.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. வெளிக்களஞ்சியம் உள்ளிருப்பதன் கோப்புகளைத் தன் பதிவில் சேர்ப்பதில்லை. அதன் பதிவு அடையாளத்தை மட்டுமே குறித்துக்கொள்கின்றது. நூலக அட்டையில் நூலின் எண் இருக்கும். நூல் இருப்பது அலமாரியில். நான் நாள்தோறும் அனுப்பியது அட்டையை மட்டுமே. நூலோ பழுதான வட்டிலேயே கிடந்தது. வெளிக்களஞ்சியத்தை அனுப்பும்போது, உட்பதிவும் சேவையகத்தை அடைந்ததா என்று கிட் தானாகப் பார்ப்பதில்லை.

ஆகவே, பல கணினிகளில் பணி செய்வோர் மூன்று முறைகளைக் கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது, புதிய கணினியில் களஞ்சியத்தை இறக்கியதும் உட்கோப்புறை வெறுமையாக இருப்பின் அஞ்ச வேண்டா. ‘கிட் சப்மாட்யூல் அப்டேட்’ என்னும் கட்டளையை ‘இனிட்’, ‘ரிகர்சிவ்’ என்னும் விருப்பங்களோடு தந்தால் கோப்புகள் வந்துசேரும்.

இரண்டாவது, அவ்வாறு வந்த உட்களஞ்சியம் எந்தக் கிளையிலும் நில்லாது, ஒரு பதிவின் மேல் மட்டுமே நிற்கும். திருத்தத் தொடங்குமுன் உரிய கிளைக்கு மாறிக்கொள்ளுங்கள். இல்லையேல், அடுத்த அப்டேட்டின்போது உங்கள் பதிவு கண்ணில் படாமல் ஒதுங்கிவிடும்.

மூன்றாவது, உள்ளிருப்பதை முதலில் அனுப்புக. வெளியதைப் பின்னர் அனுப்புக. மறதி மிக்கவர்கள் ‘புஷ்’ கட்டளைக்குரிய ‘ரிகர்ஸ் சப்மாட்யூல்ஸ்’ அமைப்பைச் ‘செக்’ என்று வைத்துவிடலாம். உட்பதிவு அனுப்பப்படாதிருந்தால் கிட் வெளியதையும் அனுப்ப மறுத்துவிடும்.

இழந்ததை மீண்டும் எழுத எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின. பொங்கலுக்கு எடுத்திருந்த பயணச் சீட்டை விலக்கினேன். "சரி, படிப்பைப் பாரப்பா" என்றார் அம்மா. அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை. இன்றும் ஒவ்வோர் இரவும் உறங்குமுன் உட்களஞ்சியத்தை முதலில் அனுப்புகின்றேன். நீங்களும் இன்றிரவே ஒருமுறை பாருங்கள். சேவையகத்தில் இருப்பது நூலா, அட்டையா?